படத்தை மாட்டினால் போதுமா?

2025 செப்டம்பர் 7ஆம் தேதி உரோமையில் திருத்தந்தை பதினான்காம் லியோ, இத்தாலிய இளைஞர்கள் இருவரைப் புனிதர்களாக அறிவித்தார். ஒருவர் கார்லோ அக்குதிஸ். மற்றவர் பியர் ஜார்ஜோ பிரசாத்தி. அன்று முதல் நம் நாக்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர் வீடு எதற்குப் போனாலும், சிவப்புச் சட்டையும் முதுகில் பையுமாகக் கார்லோ சிரிக்கிறார். படத்தின் கீழே பிள்ளை செல்போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அம்மா சொல்கிறார்: "பார், இவனும் உன் வயசுதான். இவனைப் போல இரு!"

படம் மாட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் இந்த இருவரையும் புனிதராக்கியது எது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? அதைவிட, நாம் செய்து காட்டியிருக்கிறோமா?

கார்லோ 1991ல் லண்டனில் பிறந்து மிலான் நகரில் வளர்ந்தவர். ஏழு வயதில் புதுநன்மை வாங்கினார். அதன்பின் தினசரிப் பூசையும் செபமாலையும் அவர் வழக்கமாயின. கணிப்பொறியில் கெட்டிக்காரர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து ஒரு கண்காட்சியே அமைத்தார். வீடியோ விளையாட்டும் பிடிக்கும்; அதற்கு வாரம் ஒரு மணி நேரம்தான் என்று தனக்குத் தானே அளவு வைத்துக்கொண்டார். 2006 அக்டோபர் 12ல், பதினைந்தாம் வயதில், இரத்தப் புற்றுநோயால் இறந்தார்.

எனக்கு மனதுக்கு நெருக்கமானவர் மற்றவர்தான். காரணம், அவர் பொறியியல் மாணவர். 1901ல் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை 'லா ஸ்தாம்பா' பத்திரிகையின் அதிபர். ஜெர்மனிக்கு இத்தாலியத் தூதராகவும் இருந்தார். மகனோ லத்தீன் பாடத்தில் தோற்றவர்! சுரங்கத் தொழிலாளர் நடுவில் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே சுரங்கப் பொறியியல் படித்தார். மலை ஏறுவார், சுருட்டுப் பிடிப்பார், நண்பர்களைக் கேலி செய்து சிரிப்பார். பள்ளி நாளிலேயே தினமும் நன்மை வாங்க அனுமதி பெற்றார். அந்தக் காலத்தில் அது பெரிய செய்தி. 1905ல்தான் பத்தாம் பயஸ் தினசரி நற்கருணையை ஊக்குவித்து ஆணை வெளியிட்டார். 1910ல் சிறு பிள்ளைகளுக்கும், ஏழு வயது வாக்கில், புதுநன்மை கொடுக்க வழி செய்தார். இன்று நம் பிள்ளைகள் சாதாரணமாக நினைப்பது அன்று புதிதாகத் திறந்த கதவு.

கோயிலிலிருந்து பிரசாத்தி நேராகப் போனது சேரிகளுக்கு. வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழை வீடுகளுக்கு மருந்தும் உணவும் சுமந்தார். ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் போவார். ஏன் என்று கேட்டால், நான்காம் வகுப்பு இல்லாததால் என்பாராம். ரயில்வேக்காரனான எனக்கு இந்த ஒரு பதில் போதும்! 1925ல் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. செயலிழந்து வந்த கையால் அவர் கடைசியாக எழுதியது, ஓர் ஏழை நோயாளிக்குச் சேர வேண்டிய ஊசி மருந்தைப் பற்றிய சீட்டு. ஜூலை 4ல் இறந்தார். வயது இருபத்து நான்கு. சவ ஊர்வலத்தில் தூரின் ஏழைகள் திரண்டு வந்தபோதுதான், மகன் யார் என்பதே பெற்றோருக்குத் தெரிந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். டிப்ளமோ முடித்து 1983ல் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். எங்கள் பிரிவில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தனக்குரிய ஐந்தாறு கிலோமீட்டர் பாதையை நடந்தே பார்க்க வேண்டும். போகும்போது ஒரு தண்டவாளம், வரும்போது மற்றது. தளர்ந்த கிளிப்பை அடித்து இறுக்குவார். பெரும்பாலான நாள் எழுதி வைக்க ஒன்றும் இருக்காது. ஒரு டிசம்பர் விடியலில், குளிரில் சுருங்கி முறிந்திருந்த தண்டவாளத்தை ஒரு கீமேன் கண்டார். பட்டாசு என்று நாங்கள் சொல்லும் டெட்டனேட்டரை வைத்து, சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்தினார். அன்று காலை வண்டியில் இருந்தவர்கள் எதற்கு நின்றோம் என்று கூடத் தெரியாமல் சலித்துக்கொண்டார்கள்.

இத்தனை ஆண்டு அந்த நடையை மேற்பார்த்தவன், என் வீட்டுப் பாதையை நடந்து பார்க்கவில்லை. லைனில் இருக்கிறேன், டியூட்டி இருக்கிறது என்று சாக்குச் சொல்லி, மாலைச் செபத்தை மனைவியிடம் விட்டுவிட்டேன். அவரே முழங்கால் போட்டார், அவரே பிள்ளைகளைக் கூப்பிட்டார். மகன் கல்லூரிக்குப் போனதும் கோயிலுக்குப் போவதை நிறுத்தினான். நான் அவனைத் திட்டினேன். "நீங்க என்னைக்குப்பா எங்களோட உட்கார்ந்து செபம் சொன்னீங்க?" என்று ஒரு நாள் கேட்டான். பதில் இல்லை. 2021ல் மனைவி காலமானார். நாற்பதாம் நாள் முடிந்த பிறகு வீட்டில் செபமாலை சொல்ல யாருமில்லை. தேவ இரகசியங்களின் வரிசையே எனக்குத் தடுமாறியது.

பேரன் பதினொன்றாம் வகுப்பு. அவனை உட்கார வைத்தபோது, "தினமும் அதே செபம்தானே தாத்தா? புதுசா என்ன இருக்கு?" என்றான். கீமேன் கதையைச் சொன்னேன். "அப்ப அந்த ஒரு நாளுக்காகத்தான் மத்த நாளெல்லாமா?" என்றான். "இல்லடா, மத்த நாளெல்லாம் வண்டி பத்திரமாப் போச்சே, அதுக்கும்தான்" என்றேன். அன்று உட்கார்ந்தவன் இன்றும் பெரும்பாலான நாள் உட்காருகிறான். சில நாள் மாட்டேன் என்கிறான். அன்று நான் தனியாகச் சொல்கிறேன். அவன் காதில் விழும்படி.

அனுபவத்தில் கற்ற மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வரலாம்.

முதலாவது, செபத்தைத் தமிழ்ப் பரீட்சை ஆக்காதீர்கள். தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று நானும் பிடிவாதம் பிடித்தவன்தான். பேரனோ பொருள் புரியாமல் வாயசைத்தான். இப்போது ஒரு பத்து மணி தமிழில், மீதி அவனுக்கு வரும் மொழியில். தமிழுக்கு ஞாயிறு மாலை தனியாக ஒரு மணி நேரம் வைத்திருக்கிறேன். தமிழ்ச் சங்க இதழில் இதை எழுதுவது சங்கடம்தான். ஆனாலும் கடவுளோடு பேசும்போது பிள்ளை தடுமாறக் கூடாது.

இரண்டாவது, கோச்சிங் வகுப்புக்கு விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்புகிற நாம், வார நாள் பூசைக்கு ஆறு மணிக்கு எழுப்பத் தயங்குகிறோம். "பாவம், தூங்கட்டும்" என்கிறோம். எது முக்கியம் என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைக்கு யாரும் சொல்ல முடியாது. வார நாள் பூசை அரை மணி நேரம். தினமும் முடியாவிட்டால் வாரம் ஒரு நாளில் தொடங்குவோம். அனுப்பி வைக்க வேண்டாம், கூடவே போவோம்.

மூன்றாவது, நன்மை வாங்கிய கை வேறு ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை இளைஞர் முகாம் நடத்தி, மைக் வைத்துப் பாடிவிட்டுக் கலைவதோடு சரி என்றால் ஒன்றும் நிலைக்காது. தனியாக இருக்கும் ஒரு முதியவரை மாதம் ஒரு முறை போய்ப் பார்த்து வரட்டும். பிரசாத்தி அப்படித்தான் தொடங்கினார்.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் இந்துக்கள், இஸ்லாமிய நண்பர்களும் உண்டு. பூசை, நன்மை என்று நான் எழுதுவது உங்களுக்கு அன்னியமாகத் தோன்றலாம். ஆனால் அந்தியில் விளக்கேற்றிக் கும்பிடும் ஐந்து நிமிடமும், ஐவேளைத் தொழுகையும் உங்கள் பிள்ளைகளிடமும் நழுவிக்கொண்டுதானே இருக்கின்றன? ஊரில் என்றால் கோயில் மணி கூப்பிடும், பாங்கு கூப்பிடும், பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிடுவார். இங்கே அடுக்குமாடி வீட்டில் கூப்பிட நம்மைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

படத்தை மாட்டுங்கள். பிறகு, இன்று மாலையே அதன் கீழே நீங்கள் முதலில் உட்காருங்கள்.