பெஞ்சு போதும், ஆர்டர் கொடுங்க



வெங்காயம் நடவு முடிஞ்சு இப்பதான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. ரொம்ப நாளா மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிவிடுகிறேன். படிச்சுட்டு எங்க தெருவிலேயே சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அரியலூர் பக்கம் எந்த ரோட்டில் போனாலும் சிமெண்ட் ஆலை புகைபோக்கி கண்ணில் படும். டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசாங்கத்தின் டான்செம் என்று வரிசையாக இருக்கு. பெரம்பலூர் பக்கம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, எறையூரில் சர்க்கரை ஆலை, இப்போ சிப்காட்டும் வந்தாச்சு. சுண்ணாம்புக்கல் நம்ம மண்ணுக்கு அடியில் இருந்தது. தூசியும் லாரியும் நம்ம ரோட்டில். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, ஊருக்குத் தண்ணித் தொட்டி, ஒரு போட்டோ. இதைத் தர்மம்னு நினைச்சு நாம கும்பிடுறோம். தர்மமெல்லாம் இல்லைங்க. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆவது பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் முந்தைய 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவு பண்ணியே ஆகணும்.

நான் கேட்கிறது அந்த 2 சதவீதத்தை இல்லை. ஆலை தினமும் வாங்குற பொருளுக்கும் வேலைக்கும் கொடுக்கிற பணத்தைப் பத்தித்தான் கேட்கிறேன். தொழிலாளி சட்டை, கேன்டீன் காய்கறி, தார்ப்பாய், வேன், வெல்டிங், தோட்ட வேலை, கூட்டிப் பெருக்குறது. இதில் எத்தனை பங்கு நம்ம ஊர்ச் சின்னத் தொழில்காரங்ககிட்ட வருது? அதிலும் காலனி ஆளுங்க, பொம்பளைங்க நடத்துற தொழிலுக்கு எவ்வளவு? எந்த ஆலை வாசலிலும் அந்தக் கணக்கை எழுதி வெச்சு நான் பார்த்ததில்லை.

எங்களுக்குப் பக்கத்து ஊர் காலனியில் ஒரு தம்பி இருக்கார். ஐ.டி.ஐ. படிச்சு வெல்டிங் பட்டறை வெச்சிருக்கார். ஒரு ஆலையில் வேலை கேட்டுப் போனார். பேர் வேண்டாம். மூணு வருஷ டர்ன்ஓவர் காட்டுன்னாங்க. ஆர்டர் கொடுத்தாத்தானே டர்ன்ஓவர் வரும்? கடைசியில் வெளியூர் கான்ட்ராக்டர் ஒருத்தர் அதே வேலையை எடுத்து, அதே தம்பிகிட்டயே கொடுத்தார். வேலை இவரோடது, பில் அவரோடது. காசு மூணு மாசம் கழிச்சு, அதுவும் கழிவு போக. "சின்ன ஆளுங்ககிட்ட தரம் இருக்காது"ன்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல நான் என்ன பதில் சொல்ல?

சட்டமே இல்லைன்னு நினைக்காதீங்க. மத்திய அரசு 2012-இல் ஒரு கொள்முதல் ஆணை போட்டது. மத்திய அரசுத் துறைகளும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குறதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்கணும். ஆரம்பத்தில் 20, 2018-இல் 25 ஆச்சு. அதற்குள்ளே 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. மக்களின் தொழில்களுக்கு, 3 சதவீதம் பெண்களின் தொழில்களுக்கு. டெண்டர் முன்பணமும் கட்ட வேண்டாம். ஆனா அந்த 4 சதவீதத்தில் பாதியைக்கூட பல வருஷமா எட்டலை. இது மாநில அரசு கம்பெனியையும் தனியார் ஆலையையும் கட்டுப்படுத்தாது. அதாவது, நம்ம ஊரைச் சுத்தி இருக்கிற எல்லாரும் தப்பிச்சாச்சு.

அமெரிக்காவில் நிக்சன் 1969-லேயே சிறுபான்மையினர் தொழிலுக்குன்னு தனி அலுவலகம் வெச்சார். அங்கே பல பெரிய கம்பெனிகள் கறுப்பின மக்களின் கம்பெனிகளைத் தேடிப் போய் பொருள் வாங்குறதைக் கொள்கையாவே வெச்சிருந்தாங்க. இங்கே 2002-இல் தலித் அறிஞர்கள் போபாலில் கூடி இதையே கேட்டாங்க. தனியார் முதலாளிகள் காதில் இன்னும் சரியா விழலை.

தமிழ்நாடு அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டு வந்தது. 35 சதவீதம் மானியம். நல்ல திட்டம். ஆனா மிஷின் வாங்க மானியம் கொடுத்தா மட்டும் போதுமா? மிஷின் ஓட ஆர்டர் வேணும். விளைஞ்சதை வாங்க ஆளில்லைன்னா என்ன ஆகும்னு சின்ன வெங்காயம் போடுற நமக்குத் தெரியாதா?

"இதிலும் சாதியா?"ன்னு கேட்பாங்க. நான் காலனிக்காரன் இல்லை, ஊர்த் தெருக்காரன்தான். கான்ட்ராக்ட் யாருக்குப் போகுதுன்னு ரெண்டு மாவட்டத்துக்கும் தெரியும். சாதி ஏற்கனவே உள்ளேதான் உட்கார்ந்திருக்கு. நாம வெளியே நிக்கிறவங்களுக்கு ஒரு நாற்காலி கேட்கிறோம், அவ்வளவுதான். காலனி ஆள் பேரில் கம்பெனி, லாபம் வேற ஒருத்தருக்குன்னு பினாமி வேலையும் நடக்கும். அதையும் கண்காணிக்கணும்.

என்ன செய்யலாம்? சுரங்க விரிவாக்கத்துக்கு கருத்துக் கேட்புக் கூட்டம் போடுறாங்க இல்லையா, அங்கே வேலைவாய்ப்போடு நிக்காதீங்க. "எங்ககிட்ட எத்தனை சதவீதம் வாங்குவீங்க?"ன்னு கேளுங்க, பதிவு பண்ணச் சொல்லுங்க. கிராம சபையில் தீர்மானம் போடுங்க. சின்னத் தொழில் வெச்சிருக்கிறவங்க உத்யம் பதிவு பண்ணிக்குங்க. 2006 சட்டப்படி, பதிவு செஞ்ச குறு, சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தரணும். தவறினா வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி. இது தனியாருக்கும் பொருந்தும்.

பெஞ்சு கொடுத்தா பிள்ளைங்க உட்காருவாங்க, சந்தோஷம். அந்தப் பெஞ்சைச் செய்யுற வேலையையாவது நம்ம ஊர்ப் பட்டறைக்குக் கொடுங்க.