நான் பார்வையாளர் இல்லை

32-ஆவது வாரத்தில் பிறந்தாள் என் மகள். எடை 1,400 கிராம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவில் எழுதியிருந்தது: ‘பார்வையாளர் நேரம் மாலை 5 முதல் 5.30 வரை.’ அந்தப் பார்வையாளர் நான்தான். மீதி நேரமெல்லாம் வெளியே உட்கார்ந்து பால் பீய்ச்சிக் கொடுத்தனுப்பினேன்.

‘அழாதம்மா, பால் வத்திடும்’ என்றார்கள். அழாதே என்றவர்கள் யாரும் கதவைத் திற என்று சொல்லவில்லை. என் உடம்பு அவளைத் தாங்கவில்லையே என்று ஏற்கெனவே குமைந்துகொண்டிருந்தேன். பூட்டிய கதவு அதற்கு ஆமாம் போட்டது.

கேட்டால், தொற்று வந்துவிடுமாம். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல், தொற்றில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தபோதுதான் மருத்துவர் எட்கர் ரே அவர்களைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படித்தான் தொடங்கியது. பிறந்தவுடனே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் கொடுங்கள் என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது. மூச்சுக்கே வென்டிலேட்டரை நம்பியிருக்கும் குழந்தை என்றால் வேறு விஷயம். என் மகளுக்கு அது தேவைப்படவே இல்லை.

ஆக, அம்மாவும் சிகிச்சைதான். மானிட்டரை வராண்டாவில் வைத்துவிட்டு அரை மணி நேரம் மட்டும் உள்ளே விடுவீர்களா?

உங்கள் தோழிக்குக் குறைமாதத்தில் பிறந்தால் ‘தைரியமா இரு’ என்று சொல்லாதீர்கள். அவளை எப்போது உள்ளே விடுவீர்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள்.