எல்லா டெஸ்ட்டுக்கும் ஒரே மாவு!

கரன்ட் பில் கட்டக் கடைசி நாள். போனில் லாகின் செய்து 'பணம் செலுத்து' பட்டனைத் தட்டினால், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வயிறு கலங்குமா, இல்லையா?

இப்படி ஆகக்கூடாது என்றுதான், ஒரு தளம் நம் கைக்கு வரும் முன்பே ஒரு புரோகிராம் அதை நம்மைப் போலவே தட்டிப் பார்க்கிறது. பிரவுசரைத் திறக்கும், பாஸ்வேர்டு போடும், பட்டனை அழுத்தும், ரசீது வருகிறதா என்று கடைசிவரை பார்க்கும். இதன் பெயர் 'எண்டு டு எண்டு டெஸ்டிங்'.

இந்த வேலைக்குப் பெயர் பெற்ற கருவி செலினியம். சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜேசன் ஹக்கின்ஸ் 2004-ல் உருவாக்கியது. போட்டி நிறுவனத்தின் பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம். பாதரச விஷத்துக்குச் செலினியம் மாற்று என்று கேலியாக வைத்த பெயர்தான் இது!

ஒரு தளத்துக்கு 200 டெஸ்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் லாகினைத் தனித்தனியாக எழுதினால், லாகின் பக்கம் மாறும் அன்று 200 இடத்தில் திருத்த வேண்டும். அதனால் லாகின், காத்திருத்தல் போன்றவற்றை ஒரே முறை எழுதிப் பொதுவாக வைத்துவிடுவார்கள். இவைதான் 'ஹெல்ப்பர்'கள். ஒரு தடவை மாவு அரைத்து இட்லி, தோசை, ஊத்தப்பம் என்று எல்லாம் சுடுவது மாதிரி.

ஆனால், மாவு புளித்தால்? எல்லாமே புளிக்கும். காத்திருக்கும் ஹெல்ப்பரில் 'ஐந்து நொடி சும்மா இரு' என்று எழுதினால், 200 டெஸ்ட்டில் 1000 நொடி, கிட்டத்தட்ட 17 நிமிடம் வீண். ஆறாவது நொடியில் பக்கம் வந்தால், அதையும் தோல்வி என்று சொல்லிவிடும். 'பட்டன் தெரியும்வரை காத்திரு, 30 நொடியில் வராவிட்டால் நிறுத்து' என்பதே சரி.

இதைவிட மோசம், தவறை விழுங்கும் ஹெல்ப்பர். ரசீது வராவிட்டாலும் 'வந்துவிட்டது' என்று சொன்னால், 200 டெஸ்ட்டும் பச்சை காட்டும். மாட்டிக்கொள்வது பில் கட்டுகிறவர்தான்.

உங்கள் வீட்டில் டெஸ்டிங் வேலை பார்ப்பவர் இருந்தால் ஒன்று சொல்லுங்கள்: ஹெல்ப்பருக்கு வேண்டுமென்றே தவறான பாஸ்வேர்டைக் கொடுத்துப் பார்க்கட்டும். சிவப்பு வந்தால் நம்பலாம். பச்சை வந்தால், முதலில் திருத்த வேண்டியது அந்த ஹெல்ப்பரைத்தான்!