பாதிவழியில் பட்டம் சூட்டலாமா?

அமெரிக்கக் காற்பந்தைக் கணினியில் ஆடும் 'மேடன்' விளையாட்டை நம் மாணவர் சிலரும் அறிவர். அதில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறனும் 99 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. அதைக்கொண்டு கற்பனைப் போட்டித்தொடர் நடத்துவோர், பருவத்தின் பாதியிலேயே 'சிறந்த ஆட்டக்காரர் விருது இவருக்கே' எனக் கணிப்பதுண்டு.

கணிப்பதில் பிழையில்லை. சான்றுகளை ஒப்பிட்டுக் காரணம் கூறுவது நல்ல பயிற்சியே. ஆயினும், கணிப்பு தீர்ப்பாகிவிடக் கூடாது.

மெய்யான களத்தில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2017-ஆம் ஆண்டுப் பருவத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் கார்சன் வென்ட்ஸ் இவ்விருதுக்குப் பெரிதும் பேசப்பட்டார். 13 ஆட்டங்களில் 33 டச் டவுன் வீச்சுகள்! டிசம்பரில் முழங்காலில் காயம். அத்துடன் அவரது பருவம் முடிந்தது. விருதோ 40 வயது டாம் பிரேடிக்குச் சென்றது. வென்ட்ஸுக்கு மாற்றாக இறங்கிய நிக் ஃபோல்ஸ், 2018 பிப்ரவரியில் நடந்த இறுதியாட்டத்தில் பிரேடியின் அணியையே 41-33 என வீழ்த்த வழிநடத்தினார். பருவத்தின் பாதியில் அவர் வெறும் மாற்று ஆட்டக்காரர்!

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! அரையாண்டுப் புள்ளிகளைக் கண்டதும், 'இவன் தேறுவான்; இவள் தேறமாட்டாள்' என்று நாமும் கூறிவிடுகிறோம் அல்லவா? கணினி ஆட்டக்காரருக்கு நம் கணிப்பு கேட்பதில்லை. பிள்ளைக்குக் கேட்கிறது, கேட்டபின் தன் முயற்சியையும் சுருக்கிக்கொள்கிறது.

ஆகவே, பிள்ளையின் அடைவைப் பேசும்போது 'இதுவரை' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தே பேசுவோம். மீதிப் பருவம் பிள்ளைக்கு உரியது.