பேஸ் மாடல் கார் வாங்கினா கஞ்சத்தனமா?

"டாப் மாடலே எடுத்துடுங்க சார், மாசம் ரெண்டாயிரத்து சொச்சம்தான் கூட வரும்." ஷோரூம்ல இப்படிச் சொன்னதும் தலையாட்டிடாதீங்க. கணக்கைப் பாருங்க. வித்தியாசம் 1.5 லட்சம், வட்டி 9%, 7 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 2,413 ரூபாய். மொத்தமாக நீங்க கட்டுறது கிட்டத்தட்ட 2.03 லட்சம். டச் ஸ்கிரீனுக்கும் அலாய் வீலுக்கும் 53 ஆயிரம் வட்டி!

என் கருத்து: பேஸ் மாடல் எடுங்க. மேட், சீட் கவர், ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா எல்லாம் போனஸ் வரும்போது ஒவ்வொன்றாகக் கைக்காசில் போடுங்க. மேட்டை நீங்களே மாட்டிடலாம், கூலியும் மிச்சம்.

ஆனா மூணு இடத்துல மிச்சம் பிடிக்காதீங்க.

முதல்ல பாதுகாப்பு. ஏர்பேக், இஎஸ்சி எல்லாம் பின்னாடி ஆக்சசரீஸ் கடையில் மாட்ட முடியாது. டாப் மாடல்லதான் இருக்குன்னா, அதுக்குத் தாராளமா காசு கொடுங்க.

அடுத்தது வயரிங். என் முதல் கார்ல 800 ரூபாய் மிச்சம் பிடிக்க, ஒரிஜினல் வயரை வெட்டி லைட் போட்டேன். ஆறே மாசத்துல ஷார்ட் ஆச்சு. வாரண்டி கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, பில் 14,000. கப்ளரோட வர்ற கிட்டையே கேட்டு வாங்குங்க.

மூணாவது இன்சூரன்ஸ். வெளியில் மாட்டிய எலக்ட்ரிக்கல் ஐட்டங்களைப் பாலிசியில் சேர்க்கணும். கூடுதல் பிரீமியம் பொதுவா அதன் மதிப்பில் 4%தான். சேர்க்கலைன்னா, ஸ்டீரியோ திருடு போனா கிளைம் எதிர்பார்க்காதீங்க. பில்லையும் பத்திரமா வையுங்க.

மிச்சமாகிற அந்த 2,413 ரூபாயை மாசாமாசம் ஆர்டியில் போடுங்க. அடுத்த அப்கிரேடுக்குக் கடனே தேவைப்படாது.