வராதவர் வாக்கு எவர் பக்கம்?

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஐக்கிய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சி அங்கத்தவர் 21 பேர் ஒரு கடிதத்திற் கையொப்பமிட்டனர். தூய சக்தித் தொழில்களுக்கு அளிக்கப்பட்டுள்ள வரிச்சலுகைகளை அடியோடு அழித்துவிடாதீர்கள் என்பதே அதன் சாரம். நல்ல கடிதந்தான். நான்கு மாதங் கழியவில்லை. ஜூலை 3ஆம் திகதி, காற்று, சூரிய சக்திகளுக்கான சலுகைகளைக் காலம் முடியுமுன்பே வெட்டிச் சாய்க்கும் மசோதா 218க்கு 214 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அதனை எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இருவரே! கணக்கை வாசகர்களே பார்க்கட்டும். கையொப்பமிட்ட 21 பேரில் குறைந்தது 19 பேராவது தம் கையொப்பத்தைத் தாமே விழுங்கினர். அவர்களுள் இருவர் மாறி வாக்களித்திருந்தாற்கூட, 216க்கு 216 என்றாகி மசோதா தோற்றிருக்கும். வீட்டுக் கூரையிற் சூரியத் தகடு பொருத்துவோருக்கு 2032 வரை 30 வீதமாக நிற்கவேண்டியிருந்த வரிக்கழிவு, 2025 டிசம்பர் 31உடன் மறைந்தது.

கடிதம் பத்திரிகைகளில் வந்தது. வாக்கு சபையின் ஏட்டில் ஏறியது. இவ்விரண்டில் வாக்காளன் எதை நினைவிற் கொள்வான்? இரண்டாவதை அவன் மறவாதிருக்கச் செய்வதற்கே அந்நாட்டிற் பல சங்கங்கள் அங்கத்தவர்களுக்குப் புள்ளி போடுகின்றன. 1970இல் நிறுவப்பட்ட இயற்கைப் பாதுகாப்பு வாக்காளர் கழகம் சுற்றாடல் துறையில் இவற்றுள் மூத்தது. அது ஆண்டுதோறும் சில வாக்கெடுப்புக்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வோர் அங்கத்தவரும் எத்தனையில் கழகத்தின் பக்கம் நின்றார் என்று எண்ணி, நூற்றுக்கு இத்தனை என அறிவிக்கின்றது. பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி அறிக்கை போன்றதே. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையைப் பார்க்கும் தகப்பன், பரீட்சைத் தாளைத் தயாரித்தவர் யார் என்று கேட்பதில்லை. இங்கே அது கேட்கப்படவேண்டிய கேள்வி.

சட்டந் தெரிந்தோருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. புள்ளிப் பட்டியல் என்பது ஒரு கட்சிக்காரர் தாக்கல் செய்யும் பிராது. நீதிபதியின் தீர்ப்பு அன்று. எந்த வாக்கெடுப்புக்களை எடுப்பது, எவற்றை விடுவது என்பதை வழக்காளியே தீர்மானிக்கின்றார். அமெரிக்க சக்திக் கூட்டணி என்று ஓர் அமைப்பு உண்டு. காற்றுக்கும் சூரியனுக்கும் அரசாங்கம் சலுகை வழங்குவதை எதிர்ப்பது அதன் கொள்கை. அதுவும் புள்ளிப் பட்டியல் வெளியிடுகின்றது. ஒரே வாக்குக்கு ஓரிடத்திற் பாராட்டும் மற்றோரிடத்திற் கண்டனமும் கிடைக்கும். இதனாற் பட்டியல்கள் பயனற்றவை என்று கூறுவோருடன் நாம் உடன்படோம். இரு தரப்புப் பிராதையும் பக்கத்திற் பக்கமாக வைத்து வாசிப்பவனுக்கு, எந்த வாக்கு முக்கியமானது என்பதில் இரு தரப்பும் ஒருமித்திருப்பது தெரியவரும். அதுவே பெரிய சாட்சியம்.

இனி, வராதவர் கதைக்கு வருவோம். 2007ஆம் ஆண்டுக்கு இக்கழகம் செனற்றர் ஜோன் மக்கெயினுக்கு அளித்த புள்ளி பூச்சியம். மக்கெயின் சாதாரணர் அல்லர். கரிவாயுக்களுக்கு வரம்பு விதிக்கும் மசோதாவை லீபர்மனுடன் சேர்ந்து கொண்டுவந்து, 2003 அக்டோபரில் செனற் சபையை அதன்மேல் வாக்களிக்க வைத்தவர் அவர். அம்மசோதா 43க்கு 55 என்று தோற்றது. அத்தகையவருக்கா பூச்சியம்? ஆம். 2007இல் ஜனாதிபதிப் பதவிக்கான பிரசாரத்தில் அலைந்த அவர், கழகம் தெரிந்தெடுத்த 15 வாக்கெடுப்புக்களில் ஒன்றிற்கேனும் வரவில்லை. வராமையை எதிர் வாக்காகக் கொள்வது கழகத்தின் விதி. தக்க காரணத்துடன் வராதோரை மட்டும் கணக்கில் விட்டுவிடுவர்.

அநீதி என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் திகதி நிகழ்ந்ததைப் பாருங்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் வரிச்சலுகைகளைக் குறைத்து, காற்று, சூரிய சக்திகளுக்கான சலுகைகளை நீட்டும் பிரிவுகளுடன் சக்தி மசோதா செனற் சபைக்கு வந்தது. விவாதத்தை முடித்து வைக்க 60 வாக்குகள் வேண்டும். கிடைத்தவை 59, எதிர்த்தவை 40. நூறு பேர் கொண்ட அச்சபையில் அன்று வாக்களியாதவர் ஒருவரே, அவர் மக்கெயின். வரிப் பிரிவுகளைக் கழித்துவிட்டு எஞ்சிய மசோதாவை அன்றே 86க்கு 8 என்று நிறைவேற்றினார்கள். அறுபது வேண்டிய இடத்தில் வராதவனும் எதிர்த்தவனும் ஒரே எடை. பிரயாணத்தில் இருந்தார் என்பதனால் 59 அறுபதாகிவிடுமா? ஆகவே வராமைக்குப் பூச்சியம் என்னும் விதியை, கடுமையானதாயினும், நாம் ஆதரிக்கின்றோம்.

பட்டியல் காட்டாத ஒன்றும் உண்டு. 2022 ஆகஸ்டில் தூய சக்திக்கான மாபெரும் சட்டம் செனற் சபையில் 51க்கு 50 என, உப ஜனாதிபதி கமலா ஹாரிஸின் வாக்கினால் நிறைவேறியது. ஆதரித்தோருள் மேற்கு வேர்ஜீனியாவின் ஜோ மன்சினும் ஒருவர். சரி அடையாளம் அவருக்கும் உண்டு, மற்ற 49 பேருக்குள்ளது போலவே. ஆனால் 2021 டிசம்பரில் முந்திய மசோதாவை ஆதரிக்கமாட்டேன் என்று பகிரங்கமாகக் கூறி அதனை முடக்கியவர் இவரே. 2021 அக்டோபர்த் திட்டத்திற் சுவாத்தியத்துக்கும் தூய சக்திக்கும் 55,500 கோடி டொலர் இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அன்றைய மதிப்பீட்டின்படி 36,900 கோடி. அவரில்லாமல் அந்தச் சட்டமே இல்லை என்பதும் உண்மை. நிலக்கரி மாநிலத்திலிருந்து வந்தவர். தடுத்ததும் குறைத்ததும் இறுதியிற் கைகொடுத்ததும் ஆகிய மூன்றும் ஒரு சரி அடையாளத்துக்குள் எப்படி அடங்கும்? மேலும், இரு கட்சியினரும் இணங்கி முடிக்கும் கருமங்கள் இப்பட்டியல்களில் இடம்பெறுவது அரிது. குளிரூட்டிகளில் உள்ள வாயுக்களை 15 ஆண்டுகளில் 85 வீதம் குறைக்கும் சட்டம் 2020 டிசம்பரில் வந்தது. குடியரசுக் கட்சியின் கெனடியும் ஜனநாயகக் கட்சியின் காப்பரும் சேர்ந்து முன்னெடுத்த அதனை ஒரு பெரிய செலவு மசோதாவினுள் வைத்தே நிறைவேற்றினர். தனி வாக்கெடுப்பில்லை, எனவே தனிப் புள்ளியும் இல்லை.

இத்தனை குறை இருந்தும் அந்நாட்டார் எம்மிலும் பாக்கியசாலிகள். புள்ளி போடுவதற்கு முன் பெயர்வாரியான வாக்கு வேண்டும். எமது பாராளுமன்றத்திலோ, ஓர் அங்கத்தவராவது எழுந்து பெயர்வாரியாக வாக்கெடுக்கக் கேளாவிடின், குரலொலியோடு கருமம் முடிந்துவிடுகின்றது. அங்கத்தவர் எவ்வளவு பேசினார் என்பதை ஹன்சாட் ஏட்டைக் கொண்டு அளந்து தரப்படுத்தும் முயற்சி இங்கும் நடந்ததுண்டு. பேச்சை அளப்பது நன்று. எமக்குப் பேச்சிலே பஞ்சமில்லை.

2024 ஜூன் 6ஆம் திகதி, இந்நாட்டு மின்சாரத் துறையை மாற்றியமைக்கும் சட்டமூலம் 103க்கு 59 என்று நிறைவேறியது. சபையின் ஆசனங்களோ 225. அன்று வாக்களியாதோருட் பலர் இன்று அங்கத்தவராக இல்லை. ஆயினும் மறுபடியும் வாக்குக் கேட்டு வருவோர் அவர்களுள் இருப்பர். வாசலுக்கு வரும்போது, அன்று மாலை எவ்விடத்தில் இருந்தீர் என்று வாக்காளப் பெருமக்கள் கேட்பார்களாக.