கொழுந்துக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கா?



மருந்தடித்த மலையில் வேலைக்கு இறங்க யாராவது தயங்கினால் உடனே ஒரு பதில் வருகிறது: "இடைவெளி எல்லாம் பார்த்துத்தான் அடிக்கிறோம்." கேட்டவர் அதற்கு மேல் பேச முடியாமல் நிற்கிறார். அந்த "இடைவெளி" என்ற சொல்லை இன்று நாம் பிரித்துப் பார்ப்போம். ஏனென்றால் பீடைநாசினி விஷயத்தில் இடைவெளி ஒன்றல்ல, இரண்டு.

முதலாவது, அறுவடைக்கு முந்திய இடைவெளி. மருந்தடித்த நாளுக்கும் கொழுந்து எடுக்கும் நாளுக்கும் நடுவே விடவேண்டிய நாட்கள் இது. கொழுந்தில் தங்கும் நஞ்சு, அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்குவதற்காக வைத்தது. தேநீர் குடிப்பவரை இது காக்கிறது.

இரண்டாவது, மீள்நுழைவு இடைவெளி. மருந்தடித்த பிறகு, பாதுகாப்பு உடை இல்லாத எவரும் அந்த மலைக்குள் போகக்கூடாத நேரம் இது. மருந்துக்கு மருந்து மாறும். சிலவற்றுக்குக் காயும் வரை போதும். சிலவற்றுக்கு 12 மணித்தியாலம், 24 மணித்தியாலம், அதற்கும் மேல். இது காப்பது நம்மை.

நிர்வாகம் "இடைவெளி" என்று சொல்லும்போது முதலாவதைத்தான் சொல்கிறது. நாமோ அதைக் கேட்டு, நமக்கும் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஏமாற்றம் இங்கேதான்.

"ஏழு நாள் கழித்துத்தானே கொழுந்துக்குப் போகிறீர்கள், அதற்குள் இரண்டாவது இடைவெளியும் முடிந்துவிடுமே" என்பார்கள். கொழுந்து எடுப்பவருக்கு அது பொருந்தலாம். ஆனால் மலைக்குள் போவது கொழுந்துக் கூடை மட்டுமா? மறுநாள் காலையிலேயே புல்லு வெட்டவும், உரம் போடவும், கான் வெட்டவும் ஆட்களை அனுப்புகிறார்களே, அவர்களுக்கு எந்த இடைவெளி? அதே மலைக் குறுக்குப் பாதையால் பள்ளிக்கூடத்துக்கு வரும் என் பிள்ளைகளுக்கு எந்த இடைவெளி?

"காய்ந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை" என்பது அடுத்த பதில். சில மருந்துக்கு அது உண்மை, எல்லா மருந்துக்கும் அல்ல. காய்ந்த மருந்து இலையிலேயே இருக்கிறது. கையும் காலும் இடுப்பும் உரசும்போது உடம்பில் ஒட்டுகிறது. பனி நனைத்த இலையில் இன்னும் சுலபமாக ஒட்டும். தோல் வழியாகவே நஞ்சு உள்ளே போகும். வாயில் போட வேண்டியதில்லை. ஆகவே கண்ணால் பார்த்துச் சொல்வதை ஏற்க முடியாது. லேபிள் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வி.

கோப்பையில் இருக்கும் நஞ்சுக்கு எவ்வளவு மதிப்பு என்று பாருங்கள். 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. தோட்டங்கள் வேறு களைநாசினிகளுக்கு மாறின. எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினியின் எச்சம் நமது தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முறையிட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் 2018இல் தடை தளர்ந்தது. தூர தேசத்துக் கோப்பையில் தெரிந்த துளி எச்சத்துக்காக இங்கே கம்பனிகளும் அமைச்சும் ஓடித் திரிந்தன. அந்தக் களைநாசினியைத் தோளில் சுமந்து அடித்தவருடைய தோலில் எவ்வளவு தங்கியது என்று எவர் அளந்தார்?

இந்த இரண்டாவது இடைவெளி யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மருந்தடித்த தோட்டங்களில் பழம் பறித்த தொழிலாளர்கள் இலையில் தங்கிய நஞ்சால் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்த பிறகே அதைப் பற்றிப் பேச்சு வந்தது. அதே மாநிலத்தில், டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை ஐந்து வருடம் நடத்தினார்கள். சீசர் சாவேஸ் தலைமையில் 1970இல் அவர்கள் வென்ற ஒப்பந்தங்களில் சம்பளத்தோடு பீடைநாசினிப் பாதுகாப்பும் இருந்தது. அவர்களும் நம்மைப்போல் கூலிக்குப் பறித்தவர்கள்தான்.

நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. கலனில் ஒட்டியுள்ள லேபிளில் தமிழும் இருக்கிறது. ஆனால் கலன் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் கலந்த மருந்துதான் நம் கைக்கு வருகிறது. தமிழ் எழுத்து இருந்தும் நாம் வாசிக்க வழியில்லை.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இந்த நான்கையும் எழுத்தில் கேட்க வேண்டும்:

1. மருந்தடிக்கும் நாளில் பிரட்டுக் களத்திலேயே மருந்தின் பெயரையும் லேபிளில் உள்ளதையும் தமிழில் வாசிக்க வேண்டும்.

2. மலை வாசலில் பலகை வைக்க வேண்டும்: என்ன மருந்து, எப்போது அடித்தது, எப்போது உள்ளே போகலாம்.

3. மலை மூடியிருக்கும்போது வேறு வேலை கொடுக்க வேண்டும். அதைச் சாட்டி ஒருவருடைய பேரையும் வெட்டக்கூடாது.

4. மருந்தடிப்பவர் குளிக்கவும் உடை மாற்றவும் தனி இடம் வேண்டும். நஞ்சு நனைத்த உடுப்பு லயத்துப் பீலிக்கு வரக்கூடாது.

இனி யாராவது "இடைவெளி பார்த்துத்தான் அடிக்கிறோம்" என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "எந்த இடைவெளி? கொழுந்துக்கா, எங்களுக்கா?" என்று கேளுங்கள். தனியாகக் கேட்காமல் பிரட்டில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.